புயல் போகும் வழியும், புயலுக்குப் பின் வரும் கணக்கும்

பொது அறிவுப் பாடம்

ரேடியோவில் "வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம்" என்று சொன்னவுடன் லயத்தில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க, ஒண்ணும் வரல்லே" என்பார் ஒருவர். "இல்லப்பா, இந்தத் தடவை கட்டாயம் நம்ம தலைமேலதான்" என்பார் இன்னொருவர். இந்த இரண்டு பேச்சுமே தவறு. புயலைப் பற்றிய முன்னறிவிப்பை எப்படிக் கேட்க வேண்டும், அதை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இந்தப் பாடத்தில் இரண்டு விஷயங்களைப் படிப்போம். ஒன்று, புயல் எந்த வழியாகப் போகும் என்று முன்கூட்டியே எப்படிச் சொல்கிறார்கள்? இரண்டு, அந்தப் புயலால் காப்புறுதிக் கம்பனிகள் எவ்வளவு பணம் கொடுக்க வேண்டி வரும் என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்? இதை விளங்கிக்கொள்ள 1992ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைத் தாக்கிய 'அன்ட்ரூ' என்ற புயலை எடுத்துக்கொள்வோம். அங்கே முதல் கணக்கு ஓரளவு பலித்தது. இரண்டாவது கணக்கு பலருடைய கையைச் சுட்டது. அந்தக் கணக்கில் பெயரே வராத மனிதர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் நம்மைப் போலவே தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள்.

ஒரே புயல், மூன்று பெயர்

அமெரிக்காவின் கிழக்குக் கடலான அத்திலாந்திக்கில் இந்தப் புயலை 'ஹரிக்கேன்' என்பார்கள். ஜப்பான், பிலிப்பைன்ஸ் பக்கம் 'டைபூன்' என்பார்கள். நம் பக்கத்தில் 'சைக்லோன்', தமிழில் சூறாவளி. பெயர்தான் வேறு. சூடான கடல் நீர் ஆவியாகி மேலே எழும்பி மேகமாகும்போது வெளிவரும் வெப்பமே இதற்குத் தீனி. பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கும் எல்லாச் சூறாவளிகளும் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும். நடுவில் 'கண்' என்ற அமைதியான இடம் இருக்கும். அந்தக் கண்ணைச் சுற்றி நிற்கும் மேகச் சுவரில்தான் காற்று மிகப் பலமாக அடிக்கும். நிலத்துக்கு வந்ததும் தீனி கிடைக்காமல் புயல் மெலிந்துவிடும். ஆனால் மழை உடனே நிற்காது.

அன்ட்ரூ வந்த விதம்

1992 ஆகஸ்ட் மாத நடுவில் ஆபிரிக்கக் கரையை விட்டுக் கிளம்பிய ஒரு மேகக் கூட்டம் ஆகஸ்ட் 17ஆம் திகதி 'அன்ட்ரூ' என்று பெயர் வைக்கும் அளவுக்குப் பலம் பெற்றது. ஆனால் 20ஆம் திகதி அது கலைந்துபோகும் நிலைக்கு வந்துவிட்டது. மேல்மட்டக் காற்று அதன் தலையைக் கிள்ளியது. "சரி, இது அவ்வளவுதான்" என்று நினைக்கும்படியான நிலை.

அதற்குப் பிறகு இரண்டு மாற்றங்கள் நடந்தன. தலையைக் கிள்ளிய காற்று விலகியது. புயலுக்கு வடக்கே ஓர் உயர் அமுக்கப் பிரதேசம் மதில் மாதிரி எழும்பி நின்றது. வடக்கே திரும்ப வழியில்லாமல் அன்ட்ரூ நேரே மேற்கே புளோரிடாவை நோக்கி ஓடியது. 22ஆம் திகதி சனிக்கிழமை அது ஹரிக்கேன் ஆனது. 23ஆம் திகதி பஹாமாஸ் தீவுகளைக் கடந்தது. 24ஆம் திகதி திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணியளவில் மியாமி நகருக்குத் தெற்கே இருக்கும் ஹோம்ஸ்டெட் என்ற ஊருக்குப் பக்கத்தில் கரையேறியது. காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 265 கிலோமீற்றர். அந்த நேரத்தில் அதை நான்காம் வகைப் புயல் என்றே சொன்னார்கள். பத்து வருடம் கழித்து, 2002இல், பழைய பதிவுகளைத் திரும்ப ஆராய்ந்து, அது மிகக் கடுமையான ஐந்தாம் வகை என்று திருத்தினார்கள்.

புயலை அவதானித்துக்கொண்டிருந்த தேசிய ஹரிக்கேன் நிலையத்தின் கட்டிடமே அந்தக் காற்றில் மாட்டிக்கொண்டது. கூரையில் இருந்த ராடாரைக் காற்று பிடுங்கி எறிந்துவிட்டது.

புயலுக்கு வழி காட்டுவது எது?

ஆற்றில் ஒரு நீர்ச்சுழி சுற்றிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். சுழி தானாக நடப்பதில்லை. ஆற்றின் ஓட்டம்தான் அதைக் கொண்டுபோகிறது. வழியில் ஒரு பாறை இருந்தால் ஓட்டம் திரும்பும், சுழியும் கூடவே திரும்பும். புயலும் அப்படித்தான். அதைச் சுற்றியுள்ள பெரிய காற்றோட்டம் அதைத் தள்ளிக்கொண்டு போகும். உயர் அமுக்கப் பிரதேசம் பாறை மாதிரி குறுக்கே நிற்கும்.

ஆகவே புயலின் வழியைச் சொல்ல வேண்டுமானால் புயலை மட்டும் பார்த்தால் போதாது. அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்குக் காற்று எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். செய்மதிப் படம், கப்பல்கள் அனுப்பும் செய்தி, வானத்தில் விடும் பலூன், புயலுக்குள்ளேயே பறந்து போய் அளந்து வரும் விமானம் எல்லாம் இதற்காகத்தான். இந்த அளவுகளைக் கணினியில் போட்டு, காற்றின் விதிகளின்படி அடுத்த மணி, அதற்கடுத்த மணி என்று கணக்கை ஓட்டிக்கொண்டே போவார்கள்.

தொடக்க அளவில் சிறு பிழை இருந்தாலும் நேரம் போகப் போக அது பெருகும். அதனால்தான் நாளைக்குச் சொல்வது அநேகமாகச் சரியாக வரும், நாலு நாளைக்குச் சொல்வது விலகும். அன்ட்ரூ வந்த காலத்தில் இரண்டு நாளைக்கு முன் சொல்லும் இடம் சராசரியாக 300 கிலோமீற்றர் அளவு பிசகியது. இன்று அந்தப் பிழை சுமார் 100 கிலோமீற்றராகக் குறைந்திருக்கிறது. பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் 100 கிலோமீற்றர் என்றால் ஓர் ஊர் தப்பி, இன்னோர் ஊர் அழியப் போதுமான தூரம்.

கோட்டைப் பார்க்காதீர்கள், சுருளைப் பாருங்கள்

அமெரிக்க நிலையம் 2002 முதல் புயலின் வழியை வெறும் கோடாகக் காட்டாமல், கடலை விற்பவர் சுற்றித்தரும் கடதாசிச் சுருள் மாதிரி காட்டுகிறது. இன்றைக்குப் புயல் இருக்கும் இடத்தில் அது குறுகலாக இருக்கும், நாட்கள் போகப் போக அகலமாகும். கடந்த ஐந்து வருடங்களில் தாங்கள் எவ்வளவு பிசகினோம் என்று பார்த்துத்தான் அந்த அகலத்தை வரைகிறார்கள். புயலின் மையம் மூன்றில் இரண்டு பங்கு தடவை இந்தச் சுருளுக்குள் இருக்கும். மீதி ஒரு பங்கு தடவை வெளியே போகும்!

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அந்தச் சுருள் புயலின் மையம் எங்கே போகலாம் என்பதை மட்டும் காட்டுகிறது. காற்று எவ்வளவு தூரம் அடிக்கும், மழை எங்கே கொட்டும் என்பதை அது காட்டாது. சுருளுக்கு வெளியே இருக்கிறோம் என்று நிம்மதியாகப் படுத்துத் தூங்கியவர்கள் பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

அன்ட்ரூ விஷயத்தில் வழியை நன்றாகவே கணித்தார்கள். கரையேறுவதற்கு 21 மணித்தியாலம் முன்னாலேயே கடும் எச்சரிக்கை கொடுத்தார்கள். மியாமி இருக்கும் டேட் மாவட்டத்தில் மட்டும் 5 லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வெளியேறச் சொன்னார்கள். புயல் அவ்வளவு வேகமாகப் பலமடையும் என்பதை மட்டும் குறைத்துக் கணித்துவிட்டார்கள். இருந்தும், அத்தனை வீடுகள் நொறுங்கிய அந்த மாவட்டத்தில் புயலால் நேரடியாக இறந்தவர்கள் 15 பேர்தான். எச்சரிக்கையை நம்பி எழும்பிப் போனதால் எத்தனையோ உயிர் தப்பியது.

இழப்பை எப்படிக் கணக்கிடுவது?

இப்போது இரண்டாவது கணக்குக்கு வருவோம். காப்புறுதி என்பது பெரிய சீட்டு மாதிரி. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் கட்டுவார்கள், அடிபட்டவனுக்கு அதிலிருந்து கொடுப்பார்கள். பத்து வீட்டில் ஒரு வீடு எரிந்தால் சமாளிக்கலாம். ஒரே இரவில் பத்து வீடும் போனால்? புயல் செய்வது அதைத்தான். ஆகவே கம்பனிக்காரன் முன்கூட்டியே மூன்று கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டும்.

ஒன்று: எந்த இடத்தில் எவ்வளவு பலமாகக் காற்று அடிக்கும்?

இரண்டு: அந்தக் காற்றுக்கு அங்கிருக்கும் கட்டிடங்கள் எவ்வளவு தாங்கும்?

மூன்று: சேதத்தில் எவ்வளவு பங்கைக் கம்பனி கொடுக்க வேண்டும்?

காற்றைப் பற்றி ஒரு விதி இருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் சுவரில் விழும் அழுத்தம் இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு. கூரை ஒரு தடவை கிளம்பிவிட்டால் மழை உள்ளே புகுந்து கட்டில், மெத்தை, அலுமாரி, துணி எல்லாவற்றையும் நாசமாக்கும். ஆகவே வேகம் கொஞ்சம் கூடினாலும் சேதம் தாவிக் குதித்துக் கூடும்.

ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராமத்தில் 100 வீடு, ஒவ்வொன்றும் 10 லட்சம் ரூபா பெறுமதி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 கோடி. புயல் மூன்று வழியில் வரலாம்.

நேரே ஊருக்கு மேலே வந்தால் 100க்கு 60 பங்கு சேதம், அதாவது 6 கோடி. இதற்கு வாய்ப்பு ஐந்தில் ஒன்று.

சற்றுத் தள்ளிப் போனால் 100க்கு 10 பங்கு, அதாவது 1 கோடி. வாய்ப்பு ஐந்தில் இரண்டு.

வெகுதூரம் விலகினால் 100க்கு 1 பங்கு, அதாவது 10 லட்சம். வாய்ப்பு ஐந்தில் இரண்டு.

வாய்ப்புகளோடு பெருக்கிக் கூட்டினால் 1 கோடி 20 லட்சம், 40 லட்சம், 4 லட்சம், ஆக மொத்தம் 1 கோடி 64 லட்சம். இது சராசரி. ஆனால் எந்தப் புயலும் சராசரியாக வருவதில்லை! 1 கோடி 64 லட்சத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த கம்பனி, புயல் நேரே வந்தால் 6 கோடிக்கு எங்கே போகும்? சராசரியை மட்டும் பார்த்தவன் கவிழ்வது இந்த இடத்தில்தான். கெட்ட வழியில் வந்தால் எவ்வளவு ஆகும் என்பதையும் பார்த்து வைத்திருக்க வேண்டும்.

ஃபாக்ஸில் வந்த எண்

1992க்கு முன்னால் அநேகமான கம்பனிகள் பழைய சேதங்களின் சராசரியைப் பார்த்தே கணக்குப் போட்டன. அதுவரை கம்பனிகளுக்கு மிகப் பெரிய அடியைக் கொடுத்த புயல் 1989இல் வந்த 'ஹியூகோ'. அதற்குச் சுமார் 400 கோடி டொலர் கொடுத்தார்கள். "இதைவிடப் பெரிசா என்ன வந்துடப் போவுது?" என்ற நினைப்பு பலரிடம் இருந்தது.

ஆனால் புளோரிடா பழைய புளோரிடா அல்ல. 1960இல் அந்த மாநிலத்தில் சுமார் 50 லட்சம் பேர் இருந்தார்கள். 1990இல் சுமார் 130 லட்சம் பேர். கடற்கரை ஓரமெல்லாம் புது வீடுகள். இடைப்பட்ட காலத்தில் அந்தப் பக்கம் பெரிய புயல்கள் அதிகம் அடிக்காததால் பழைய கணக்குப் புத்தகத்தில் இந்த ஆபத்து எழுதப்படவே இல்லை.

கரேன் கிளார்க் என்ற பெண்மணி வேறு வழியில் யோசித்தார். 1987இல் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். பழைய சேதத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக, வரக்கூடிய ஆயிரக்கணக்கான கற்பனைப் புயல்களைக் கணினியில் உண்டாக்கி, இன்றைக்கு இருக்கும் வீடுகள் மேல் அவற்றை ஓடவிட்டுப் பார்ப்பது அவருடைய முறை. நாம் மேலே மூன்று வழிக்குப் போட்ட கணக்கை அவர் ஆயிரக்கணக்கான வழிகளுக்குப் போட்டார். அன்ட்ரூ கரையேறிய சில மணித்தியாலங்களில் கம்பனிகளுக்கு ஃபாக்ஸ் அனுப்பினார்: இழப்பு 1,300 கோடி டொலரைத் தாண்டலாம். பலர் நம்பவில்லை. இவ்வளவு பெரிய எண்ணை அவர்கள் அதுவரை கண்டதில்லை.

கடைசியில் கம்பனிகள் கொடுக்க வேண்டி வந்தது சுமார் 1,550 கோடி டொலர். நம்பப்படாத அந்த எண்கூடக் குறைவாகத்தான் இருந்தது. குறைந்தது 11 காப்புறுதிக் கம்பனிகள் கடனைத் தீர்க்க முடியாமல் விழுந்தன. வருடக்கணக்காகத் தவணை தவறாமல் கட்டி வந்த குடும்பங்கள், கூரையில்லாத வீட்டில் நின்றுகொண்டு, "நம்ம கம்பனியே இல்லையாமே, இனி யாரிடம் கேட்கிறது?" என்று தவிக்கும் நிலை வந்தது.

இத்தனைக்கும் புயல் கொஞ்சம் தள்ளித்தான் போனது. ஹோம்ஸ்டெட்டில் இருந்து மியாமி நகர மையம் 45 கிலோமீற்றர் தூரம்தான். அன்ட்ரூ உடல் சிறுத்த புயல் என்பதால் மிக மோசமான காற்று ஒடுங்கிய ஒரு பட்டையில் மட்டுமே அடித்தது. அந்தப் பட்டை சற்று வடக்கே நகர்ந்து நகரத்தின் நடுவில் விழுந்திருந்தால் இழப்பு இன்னும் பல மடங்கு ஏறியிருக்கும். இரண்டு நாள் முன்னறிவிப்பு 300 கிலோமீற்றர் பிசகிய காலத்தில், 45 கிலோமீற்றரில் தலைவிதி மாறியது.

வீடுகள் ஏன் அப்படி நொறுங்கின?

காற்று மட்டும் காரணமல்ல. பிறகு சோதித்துப் பார்த்தபோது கட்டிட வேலையில் இருந்த குறைகள் வெளியே வந்தன. கூரைப் பலகையைச் சட்டத்தோடு சரியாகப் பிணைக்காமல் விட்டிருந்தார்கள். ஆணி அடிக்க வேண்டிய இடத்தில் கம்பிப் பின் அடித்திருந்தார்கள், அதிலும் சில பின்கள் மரத்தைத் தொடவே இல்லை. நல்ல கட்டிட விதிகள் கடதாசியில் இருந்தன, வேலை நடக்கும் இடத்தில் பார்க்க ஆளில்லை. இதைப் படித்த பிறகு 2002இல் மாநிலம் முழுவதற்கும் கடுமையான புதிய கட்டிட விதி வந்தது. கம்பனிகள் கவிழாமல் தாங்கிப் பிடிக்க 1993இல் மாநிலமே ஒரு புயல் நிதியையும் தொடங்கியது.

கணக்கில் வராத வீடுகள்

இனி நாம் அதிகம் யோசிக்க வேண்டிய இடம். ஹோம்ஸ்டெட் சுற்றுப்புறம் விவசாயப் பூமி. தேசிக்காய், அவகாடோ, மரக்கறித் தோட்டங்கள். அங்கே பறிக்கிற வேலைக்கு மெக்சிக்கோ, குவாத்தமாலா, ஹெயிட்டி நாட்டு மக்கள் வந்திருந்தார்கள். அவர்களில் பலர் குடியிருந்தது சக்கரத்தில் இழுத்து வந்து நிறுத்திய தகர வீடுகளில். ஹோம்ஸ்டெட்டில் அப்படிப்பட்ட வீடுகள் 1,176 இருந்தன. அன்ட்ரூவுக்குப் பிறகு அவற்றில் 1,167 அடியோடு அழிந்தன. மிச்சம் ஒன்பது.

மேலே சொன்ன 1,550 கோடி டொலர் "காப்புறுதி செய்யப்பட்ட இழப்பு". அமெரிக்காவில் மொத்த இழப்போ சுமார் 2,650 கோடி டொலர். நடுவே இருக்கும் வித்தியாசத்தில் அரசாங்கச் சொத்து, வீதி, பயிர் எல்லாம் அடங்கும். காப்புறுதி எடுக்க வசதியில்லாதவர்களுடைய வீடும் தட்டுமுட்டுச் சாமானும் அடங்கும். ஒரு குடும்பத்தின் கட்டில், அடுப்பு, பிள்ளைகளின் துணி, சேர்த்து வைத்த கொஞ்சப் பணம் எல்லாம் போனாலும், கையில் பத்திரம் இல்லை என்றால் கம்பனிக் கணக்கில் அதன் இழப்பு பூச்சியம். புயலோடு தோட்டமும் அழிந்ததால் பறிக்க வேலையும் இல்லை. அந்தக் கூலியையும் கம்பனியின் எண்ணில் காண முடியாது.

நம் உதாரணக் கிராமத்துக்குத் திரும்புவோம். 100 வீட்டில் 60 வீட்டுக்குத்தான் காப்புறுதி இருக்கிறது என்றால், 6 கோடி சேதத்தில் 3 கோடி 60 லட்சம்தான் பத்திரிகையில் வரும். மீதி 2 கோடி 40 லட்சத்தை 40 குடும்பம் தங்கள் முதுகில் சுமக்க வேண்டும்.

நமக்கு இதில் என்ன பாடம்?

"அமெரிக்காக் கதை நமக்கு எதுக்கு?" என்று கேட்கலாம். சூறாவளி நமக்கும் புதிதல்ல. 1978 நவம்பரில் மட்டக்களப்பை அடித்துப் போட்ட சூறாவளியைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' வந்தபோது புயலின் மையம் கிழக்குக் கரைப் பக்கமாகத்தான் போனது. ஆனால் மண்சரிவு அள்ளிக்கொண்டு போனது மலைநாட்டு மக்களை. கோட்டைப் பார்க்காதீர்கள் என்று மேலே சொன்னதன் அர்த்தம் இதுதான். மலையில் இருக்கும் நமக்குக் காற்றைவிட மழைதான் பெரிய ஆபத்து. மையம் எங்கே என்று கேட்பதோடு, எத்தனை மில்லிமீற்றர் மழை, எந்தப் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை என்பதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

"போன தடவை வரல்லே" என்ற பேச்சை விட வேண்டும். பெரிய பெரிய கம்பனிகளே அந்தப் பேச்சை நம்பித்தான் கவிழ்ந்தன. பத்து எச்சரிக்கையில் ஏழு பொய்த்தாலும், மற்ற மூன்றில் நம் பிள்ளைகளின் உயிர் இருக்கிறது.

காப்புறுதி எடுத்திருப்பவர்கள், எடுக்க நினைப்பவர்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் நாலு கேள்வி கேளுங்கள். புயலும் வெள்ளமும் மண்சரிவும் இதில் அடங்குமா? வீட்டுக்கு மட்டுமா, சாமானுக்கும் சேர்த்தா? திரும்பக் கட்டுவதற்கு இன்றைய விலையில் ஆகும் செலவு கிடைக்குமா? சேதத்தில் முதல் பங்கை நாமே ஏற்க வேண்டுமா? வாசிக்கத் தெரியாவிட்டால் படித்த பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

வீட்டில் சேர்ந்து செய்து பார்க்க

1. நம் வீட்டுக் கூரைத் தகரம் எதில் பிணைக்கப்பட்டிருக்கிறது? கம்பியிலா, ஆணியிலா, மேலே வைத்த கல்லிலா? துருப்பிடித்த இடங்களைக் குறித்து வைத்துத் தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

2. வீட்டில் உள்ள சாமான்களை ஒரு கொப்பியில் எழுதி, இன்றைக்கு வாங்கினால் என்ன விலை என்று பக்கத்தில் போட்டுக் கூட்டுங்கள். நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று நினைப்பவர்கள் கூட்டுத்தொகையைக் கண்டு ஆச்சரியப்படுவார்கள். சேதம் வந்தால் கேட்பதற்கு இந்தக் கொப்பிதான் ஆதாரம்.

3. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், சேமலாப நிதிக் கடதாசிகள், இந்தக் கொப்பி எல்லாவற்றையும் ஒரே பொலித்தீன் பையில் போட்டு, இருட்டிலும் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

4. மேலே உள்ள கிராமக் கணக்கில், புயல் நேரே வரும் வாய்ப்பு ஐந்தில் இரண்டாகவும், சற்றுத் தள்ளிப் போகும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றாகவும் மாறினால் சராசரி இழப்பு எவ்வளவு? பிள்ளைகள் செய்து பார்க்கட்டும். (விடை: 2 கோடி 64 லட்சம்.)